அப்பாவின் ஸ்பூல் டேப் ரெக்கார்டர்: பெல்ட் உருகிக் கிடக்கிறது, கூத்து டேப்பை ஓட்டிப் பார்க்கலாமா?

அம்மாப்பேட்டைத் தறி | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் கிடைத்தது. தாய்மாமன் 1971இல் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது என்கிறார் அம்மா. தோல் உறை, தோளில் மாட்டும் வார், 5 அங்குல ஸ்பூல், டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய செல் ஆறு. பெயர்ப்பலகை உதிர்ந்து பசைத் தடம் மட்டும் இருக்கிறது. அடியில் ஜப்பான் தயாரிப்பு என்று போட்டிருக்கிறது, மாடல் தெரியவில்லை.

கூடவே ஏழு ஸ்பூல். அவற்றில் மூன்றின் அட்டைப்பெட்டியில் அப்பாவின் கையெழுத்தில் "பாரதக் கூத்து, ஓமலூர் பக்கம், ஆடி" என்று எழுதி 1, 2, 3 எண் போட்டிருக்கிறது. அப்பா தறி ஓட்டியவர். கூத்து என்றால் எவ்வளவு தூரமானாலும் சைக்கிளில் போய்விடுவார். விடிய விடியக் கேட்டுவிட்டு வந்து நேராகத் தறிக்குழியில் இறங்குவார்.

பின்மூடியைத் திறந்தால் பெல்ட் இருந்த இடத்தில் தார் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. செல் வைக்கும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. ஓர் அடாப்டர் வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா? அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. சீக்கிரம் கேட்க வைக்க வேண்டும்.

சாலிடர் மணம் | செவ்வாய், இரவு 10.25

தம்பி, கரண்ட் கொடுத்துவிடாதீர்கள். சேலம் சின்னக்கடை வீதியில் முப்பது வருடம் ரேடியோ, டேப் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அந்தக் காலத்து ஜப்பான் செட்டில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்தான் அதிகம் இருக்கும். மேலே 2எஸ்பி என்று தொடங்கும் எண் இருந்தால் அது பிஎன்பி வகை. அப்படிப்பட்ட செட்களில் பெரும்பாலும் பாசிட்டிவ்தான் சேசிஸில், அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில், இருக்கும். இன்றைய அடாப்டர் பின்னோ நடுவில் பாசிட்டிவ், வெளியே நெகட்டிவ். யோசிக்காமல் செருகினால் ஒரு நொடியில் டிரான்சிஸ்டர் போய்விடும். செல் பெட்டியில் கூட்டல் கழித்தல் குறி இருக்கும், அதை வைத்து மல்டிமீட்டரில் தொட்டுப் பாருங்கள். ஆறு செல் என்றால் 9 வோல்ட்.

முதலில் செல் பெட்டி. பூத்திருப்பது பழைய கார்பன் செல் கசிந்த உப்பு. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுக் காய வையுங்கள். பித்தளைப் பாத்திரம் மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், ஆனால் இடுக்கில் புளியும் உப்பும் தங்கி மறு மழைக்காலத்தில் மறுபடி பூக்கும்.

உருகிய பெல்டுக்கும் அதே ஆல்கஹால்தான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சட்டையில் பட்டால் போகாது. தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். புல்லியில் ஒரு துளி கறுப்பு மிஞ்சினாலும் புது பெல்ட் அங்கே ஒட்டும், வேகம் ஆடி ஒலியில் நடுக்கம் கேட்கும்.

எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய், டேப்பை ஒரே சீராக இழுக்கும் கேப்ஸ்டன் தண்டுக்கு ஒரு துளி, அவ்வளவுதான். நம் ஊரில் பழைய செட்டைத் திறந்தால் பாதியில் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள். அது பிசினாகி தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. கேசட்டில் பின்பக்கம் ஒரு சிறு தகட்டை உடைத்துவிட்டால் அதன்மேல் பதிய முடியாது. ஸ்பூல் டேப்பில் அப்படி எந்தக் காப்பும் இல்லை. விலை குறைந்த போர்ட்டபிள் பலவற்றில் அழிக்கும் ஹெட், அதாவது டேப்பைத் தொட்டுப் பழைய ஒலியை அழிக்கும் முனை, என்பதே ஒரு சின்னக் காந்தம். ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினால் அது டேப்பில் போய் ஒட்டும், கரண்ட் கூடத் தேவையில்லை. அந்தப் பொத்தான் கீழே இறங்காதபடி இன்றைக்கே அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்துக் கட்டிவிடுங்கள்.

மலைக்காபி | புதன், காலை 6.50

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீடு ஐயாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில், காபித் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக அலமாரிக்குள்ளேயே வந்துவிடும். என் தாத்தாவின் ஸ்பூல்கள் அந்த ஈரத்தில் இருந்தவை.

தறி அண்ணா, ஸ்பூலின் பக்கவாட்டைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூளோ, சிலந்தி வலை மாதிரி இழையோ தெரிந்தால் அது பூஞ்சை. எங்களுடையதில் இருந்தது. விவரம் தெரியாமல் ஊரில் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அப்படியே ஏற்றி ஓட்டிவிட்டார். ஒட்டியிருந்த சுற்றுகள் பிரியும்போது பழுப்புப் பூச்சு அடுத்த சுற்றோடு உரிந்து போயிற்று. தாத்தா பேசிய அந்தப் பத்து நிமிடம் இனி எங்கும் இல்லை. ஒட்டிக்கொண்ட டேப்பை யாரிடமும் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

மிஞ்சியவற்றை நானே காப்பாற்றினேன். முகக்கவசம் போட்டு வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான பிரஷால் தூளைத் தட்டினேன். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு மூன்று வாரம் வைத்தேன். பிறகு கையாலேயே மெதுவாக வேறு ஸ்பூலுக்குச் சுற்றினேன். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

கால் அங்குலம் | புதன், காலை 11.15

மெஷினைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் டேப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மெஷின் கெட்டால் வேறு மெஷின் கிடைக்கும்.

ஸ்பூலை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவி மங்கலாகத் தெரிந்தால் அசிடேட். கறுப்பாக அடைத்திருந்தால் பாலியெஸ்டர் அல்லது பிவிசி. அசிடேட் இழுத்தால் வெட்டினது மாதிரி அறுந்துவிடும். அது நல்லதுதான், ஒன்று சேர்த்து ஒட்டிவிடலாம். பாலியெஸ்டர் அறுவதற்கு முன் நீளும், நீண்டது நீண்டதுதான். அசிடேட் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், முதலில் படி எடுங்கள்.

பழைய ஒட்டுகளில் செலோ டேப் இருந்தால் அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றையும் பிடித்திருக்கும். கண்ட இடத்தில் நிறுத்திப் பிரித்து, சாய்வாக வெட்டி, டேப் ஒட்டுவதற்கென்றே உள்ள பட்டையால் ஒட்ட வேண்டும்.

ஐம்பது வருடம் அசையாமல் கிடந்த டேப்பில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் லேசாகப் படிந்திருக்கும். வசனத்துக்கு முன்னாலேயே அதன் நிழல் கேட்கும். ஓட்டுவதற்கு முன் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் சுற்றினால் அது குறையும். டேப் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

என் கருத்து: கூத்து ஸ்பூல்களை இந்த மெஷினில் ஓட்ட வேண்டாம். அஸ்தம்பட்டியில் என் வீட்டில் கரண்டில் ஓடும் பெரிய டெக் இருக்கிறது. அதன் வேக ஆட்டம் மிகக் குறைவு. உங்கள் டேப் வினாடிக்கு 4.75 செ.மீ. வேகத்தில் பதிந்ததாக இருந்தால், அந்த வேகம் அதில் கிடையாது, 9.5இல் ஓட்டி 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, கணினியில் பாதி வேகமாக்கினால் சரியாக 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பு கிடைக்கும்.

சாலிடர் மணம் | புதன், மாலை 5.05

கால் அங்குலம் தம்பி சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு இல்லை. இந்த டேப்பைப் பதிந்தது இந்த ஹெட். ஹெட் எந்தச் சாய்வில் நின்றதோ அந்தச் சாய்வில்தான் டேப்பில் கோடு விழுந்திருக்கும். வேறு மெஷினில் ஏற்றினால் முதலில் போவது கூத்தில் ஊதும் முகவீணையின் கூர்மை. பதிந்த ஹெட்டிலேயே ஓட்டினால் யாரும் எதையும் திருப்ப வேண்டியதில்லை. தறி தம்பி, ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகு இருக்கும். அதைத் தொடவே கூடாது.

அப்புறம் நீங்கள் சொன்னபடி 9.5இல் ஓட்டிப் பாதியாக்கினால் ஒலியில் கூர்மைக்கும் கனத்துக்கும் உள்ள விகிதமும் மாறும். அந்த இரண்டையும் சமன் செய்யும் அளவு (ஈக்வலைசேஷன்) 4.75க்கு வேறு.

கால் அங்குலம் | புதன், இரவு 8.30

அந்தச் சமன் அளவைக் கணினியில் திருத்திவிடலாம் ஐயா. சாய்வையும் என் டெக்கில் டேப்புக்குத் தகுந்தபடி காதால் கேட்டுத் திருப்பலாம், தினமும் செய்வதுதான். ஆனால் ஐம்பது வருடம் தூங்கிய மோட்டாரும் இறுகிய ரப்பரும் டேப்பை எப்படி இழுக்கும் என்பதுதான் என் பயம். போர்ட்டபிள் எல்லாம் ஒன்றல்ல. சுவிட்சர்லாந்தில் குடெல்ஸ்கி செய்த நாக்ரா ரெக்கார்டரில் 12 செல் போட்டு, படப்பிடிப்புக்கு நம்பிக் கொண்டுபோனார்கள். ஜெர்மனியின் ஊஹர் ரிப்போர்ட் 1961இல் வந்தது, வானொலி நிருபர்கள் தோளில் மாட்டித் திரிந்தார்கள். இது அந்த வரிசையில் வருவதல்ல, வீட்டு உபயோகச் செட்.

தறி நண்பரே, மெஷினை முதலில் வெறும் டேப்பில் ஓட்டிக் காட்டுங்கள். நிதானமாக ஓடினால் நான் எதிர்க்க மாட்டேன்.

அம்மாப்பேட்டைத் தறி | இரண்டாவது ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. அடாப்டர் வாங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கூத்து ஸ்பூல் மூன்றும் வெளிச்சத்தைத் தடுக்கின்றன, வாடை இல்லை, பூஞ்சை இல்லை. மற்ற நான்கில் ஒன்று மட்டும் வினிகர் வாடை அடிக்கிறது, அதைத் தனி டப்பாவில் வைத்துவிட்டேன்.

ரெக்கார்ட் பொத்தானுக்கு அடியில் ரப்பர் வைத்தாயிற்று. பொத்தானை மேலிருந்து பார்த்தபோது ஐயா சொன்ன காந்தம் நிஜமாகவே உள்ளே ஒரு நெம்புகோலின் முனையில் நிற்கிறது. அதைக் கண்டதும் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

பெல்டுக்கு நூலை அதே வழியில் சுற்றி அளந்தேன், 31 செ.மீ. வந்தது. போர்வெல் மோட்டார் சாமான் விற்கும் கடையில் ஓ ரிங் வாங்கிப் போட்டால் உருண்டு உருண்டு நழுவியது. புல்லி தட்டை, அதற்குத் தட்டை பெல்ட்தான் நிற்கும் என்று அப்போது புரிந்தது. செவ்வாய்ப்பேட்டையில் பழைய எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வைத்திருப்பவரிடம் 29 செ.மீ. சுற்றளவில் ஒரு தட்டை பெல்ட் கிடைத்தது.

டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளை, பின்ச் ரோலர், கல் மாதிரி இருந்தது. அச்சக உருளைக்கு ரப்பர் ஏற்றித் தருபவர் ஒருவர் பழையதைச் சுரண்டிவிட்டுப் புது ரப்பர் ஏற்றினார். பக்கத்து லேத் பட்டறையில் பழைய விட்டத்துக்குக் கடைந்து கொடுத்தார்கள். எதற்கு இவ்வளவு சின்ன உருளை என்று கேட்டார் லேத்காரர். சொன்னதும் காசு வாங்கவில்லை.

எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் ஒன்பதையும் மாற்றினேன். பழையவற்றில் ஆறுக்கு மீட்டர் எதுவுமே காட்டவில்லை. டிரான்சிஸ்டர் எதையும் தொடவில்லை. ஹெட்டைப் பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது, வெள்ளையாக வரும்வரை துடைத்தேன்.

செல் போட்டேன். மோட்டார் சுற்றியது. ஸ்பீக்கரில் லேசான இரைச்சல். அம்மா அடுப்படியிலிருந்து "உங்கப்பா வெச்ச மாதிரியே சத்தம் வருது" என்றார்.

பிரச்சினை: வினிகர் இல்லாத ஒரு சாதா ஸ்பூலை ஏற்றினால் ஆட்கள் எல்லோரும் குருவி மாதிரி பேசுகிறார்கள். இரண்டு மடங்கு வேகம்.

சாலிடர் மணம் | ஞாயிறு, இரவு 9.45

கேப்ஸ்டன் தண்டைப் பாருங்கள். மேலே ஒரு பித்தளை உறை திருகியிருக்கும். உறை இருந்தால் 9.5, கழற்றினால் 4.75. பல ஜப்பான் போர்ட்டபிளில் வேகம் மாற்ற அதுதான் வழி. பழைய மெஷினில் அது பிடித்துக்கொள்ளும். குறடால் திருகாதீர்கள். ஒரு துளி எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துவிட்டு, துணி சுற்றி விரலால் திருப்புங்கள்.

கொண்டலாம்பட்டி அலைவரிசை | திங்கள், காலை 7.20

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பழைய டேப்பை ரொட்டி சுடும் ஓவனில் வைத்துச் சூடு காட்டினால் புதிது போலாகிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதைச் செய்து பார்க்கலாமே?

கால் அங்குலம் | திங்கள், காலை 8.05

தயவுசெய்து வேண்டாம். அந்த வைத்தியம் ஒரே ஒரு நோய்க்கு. எழுபதுகள், எண்பதுகளில் வந்த, பின்பக்கமும் கறுப்புப் பூச்சுள்ள சில டேப்களில் பிணைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓடும்போது கீச்சென்று கத்தி ஹெட்டில் ஒட்டும். அவற்றை மட்டும் 54 டிகிரி அளவில், வெப்பம் துல்லியமாக நிற்கும் கருவியில் மணிக்கணக்கில் வைப்பார்கள். வீட்டு ஓவனில் வெப்பம் அப்படி நிற்காது. அசிடேட்டைச் சூடாக்கினால் சுருண்டு பாழாகும். தறி நண்பரின் டேப் பின்பக்கம் பளபளவென்று இருக்கிறது என்று அவர் போட்ட படத்தில் தெரிகிறது, அந்த நோய் இதற்கு இல்லை.

அம்மாப்பேட்டைத் தறி | புதன், இரவு 10.30

உறை கழன்றது. குரல்கள் மனிதக் குரலாகிவிட்டன. ஆனால் இன்னும் கொஞ்சம் வேகமோ என்று சந்தேகம். அளக்க வழி உண்டா?

அப்பா ஏன் 4.75இல் பதிந்தார் என்பதும் புரிந்தது. 270 மீட்டர் டேப் 9.5இல் ஒரு பக்கம் 47 நிமிடம்தான். 4.75இல் 94 நிமிடம், இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல். மூன்று ஸ்பூலில் இரவு முழுக்கக் கூத்து அடங்கிவிட்டது. டேப் கிடைப்பதே அரிதான நாளில் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்.

சாலிடர் மணம் | வியாழன், காலை 6.15

உண்டு. வேண்டாத டேப்பில் 4 மீட்டர் 76 செ.மீ. அளந்து இரு முனையிலும் பின்பக்கம் வெள்ளைப் பென்சிலால் கோடு போடுங்கள். முதல் கோடு ஹெட்டைத் தாண்டியதிலிருந்து இரண்டாவது தாண்டும்வரை சரியாக 100 வினாடி ஆக வேண்டும்.

அம்மாப்பேட்டைத் தறி | வியாழன், இரவு 8.50

மூன்று முறை பார்த்தேன். 95 வினாடி.

சாலிடர் மணம் | வியாழன், இரவு 9.20

ஐந்து சதவீதம் வேகம். பெல்ட் தடிமன்தான் காரணம். மோட்டார் புல்லி சின்னது, 8 மில்லிமீட்டர் இருக்கும். அதன்மேல் ஓடும் பெல்டின் தடிமனும் விட்டத்தோடு சேரும். பழைய பெல்ட் அரை மில்லிமீட்டர், புதியது ஒரு மில்லிமீட்டர் என்றால் வேகம் சுமார் ஐந்து சதவீதம் ஏறிவிடும். மெல்லிய பெல்ட் தேடுங்கள், மோட்டாரின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரைத் தொட வேண்டாம்.

அம்மாப்பேட்டைத் தறி | மூன்றாவது ஞாயிறு, மாலை 4.00

அரை மில்லிமீட்டர் பெல்ட் வந்தது. 99.5 வினாடி. மூன்று தடவையும் அதேதான்.

கால் அங்குலம் | ஞாயிறு, மாலை 4.40

நான் பயந்த அளவுக்கு இல்லை. முதல் படியை உங்கள் மெஷினிலேயே எடுங்கள். இயர்போன் துளையிலிருந்து எடுக்கும்போது சத்தத்தைக் குறைவாக வைத்துப் பதியுங்கள், மத்தளம் அடிக்கும் இடத்தில் ஒலி உச்சத்தில் முட்டி உடையக் கூடாது. கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், இரைச்சலை நீக்கவும் வேண்டாம். வந்தது வந்தபடியே ஒரு கோப்பு எப்போதும் இருக்கட்டும்.

ஓமலூர் மத்தளம் | ஞாயிறு, இரவு 11.05

நண்பர் ஒருவர் இந்த இழையைக் காட்டினார். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கூத்துக் கட்டுகிறது. எழுபதுகளில் ஓமலூர் பக்கம் ஆடியில் பாரதம் நடத்திய ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், எங்களுடையதும் ஒன்று. ஹார்மோனியம் என் சித்தப்பா. அவர் இல்லை, அந்த ஹார்மோனியப் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. ரீட் மாற்றியதில்லை. எங்கள் ஆட்கள் ஐந்தரைக் கட்டைச் சுருதியில்தான் பாடுவார்கள். டேப்பில் அது எந்தக் கட்டையில் கேட்கிறது என்று சொல்ல முடியுமா?

அம்மாப்பேட்டைத் தறி | திங்கள், இரவு 9.15

ஐயா, எனக்குச் சுருதி தெரியாது. முதல் ஸ்பூல் முதல் பக்கம் முழுக்கப் படி எடுத்துவிட்டேன். அனுப்புகிறேன்.

ஓமலூர் மத்தளம் | செவ்வாய், இரவு 10.50

பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டேன். எங்கள் ஜமாதான். கட்டியங்காரன் வரும்போது என் அப்பா குரல் கொடுக்கிறார்.

தொடக்கத்தில் பெட்டியும் டேப்பும் ஐந்தரையில் ஒன்றாக நிற்கின்றன. ஐம்பது நிமிடம் வரை அப்படியே. பிறகு டேப் மெல்ல மேலே போகிறது. எழுபத்தைந்தாவது நிமிடத்தில் கிட்டத்தட்ட ஆறு கட்டை. ஹார்மோனியம் ஓர் இரவில் கட்டை ஏறாது. பிறகு பாட்டின் நடுவில் டொக்கென்று ஒரு சத்தம், கொஞ்சம் வெற்று, அடுத்த அடி மறுபடி சரியாக ஐந்தரை. இது மெஷின் கோளாறா?

சாலிடர் மணம் | புதன், காலை 6.05

கோளாறு இன்றைய மெஷினில் இல்லை. அன்றைக்குச் செல் தீர்ந்திருக்கிறது. கவர்னர் ஓரளவு வரை தாங்கும். அதற்குக் கீழே வோல்ட் போனால் மோட்டார் மெதுவாகும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறித்தான் கேட்கும். அந்த டொக் சத்தம், தறி தம்பியின் அப்பா நிறுத்திவிட்டு ஆறு செல்லையும் மாற்றியது.

கால் அங்குலம் | புதன், காலை 9.30

அந்த இருபத்தைந்து நிமிடத்தையும் கணினியில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடலாம், ஹார்மோனியத்தை அளவாக வைத்து. அது தனிப் படியாக இருக்கட்டும், மூலப் படியைத் தொடக் கூடாது.

அம்மாப்பேட்டைத் தறி | புதன், இரவு 9.40

அம்மாவிடம் சொன்னேன். இரண்டாவது செட் செல்லை ஈரம் படாமல் வேட்டி மடிப்பில் முடிந்து கொண்டுபோவாராம் அப்பா. அந்த இடத்தை மட்டும் நான்கு முறை போடச் சொன்னார்.

மத்தளம் ஐயா, இரண்டாம் ஸ்பூலை வரும் ஞாயிறு காலை ஏற்றுகிறேன். பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அம்மா இட்லிக்கு ஊறப்போடுவதாகச் சொல்லியிருக்கிறார். சாலிடர் ஐயா, நீங்களும் வர வேண்டும். ரோலர் ஓரத்தில் லேசாக ஒரு பக்கம் தேய்கிற மாதிரி தெரிகிறது, ஒருமுறை கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள்.